பதினைந்து வயதுக்கான அளவு

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. பெயர் வசுமதி. சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், பந்திப் பாத்திரங்கள் அடுக்கி வைக்கும் அறைக்கு அடுத்த அறையில், நாலைந்து பழைய கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு, துணி வெட்டுவதற்கான படங்களை வரையச் சொல்லிக் கொடுத்தாள்.

சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பெயர் மாரப்பன். கோபி ரோட்டில் ஆண்களுக்குத் தைக்கும் கடை வைத்திருந்தார். தையல்காரரை மாஸ்டர் என்று கூப்பிடுவது ஊர் வழக்கம் என்பதால் குரு சீடரை மாஸ்டர் என்றாள். சீடர் குருவை டீச்சர் என்றார். கூடப் படித்த பெண்களுக்கு இதில் சிரிப்பு தாங்கவில்லை.

மாரப்பனைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. துணியை மட்டும் கொடுத்தனுப்பினால் வாங்கி வைத்துக்கொள்வார், வெட்ட மாட்டார். அளவுக்குப் பழைய சட்டையைக் கொடுத்தாலும் காரியம் நடக்காது. "இது சட்டையோட அளவு. ஆளு வரட்டும்" என்பார். வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவர் முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் வந்து இறங்குகிறார் என்று பெண் வீட்டார் வந்து கெஞ்சினார்கள். இறங்கி வரட்டும் என்றார் மாரப்பன். மாப்பிள்ளை கடையில் வாங்கிய ரெடிமேட் சட்டையோடு தாலி கட்டினார்.

வராதவர்களின் துணிகள் கடை அலமாரியின் மேல்தட்டில் மடித்தபடி இருந்தன. அந்தத் துணிக்காரர்களில் ஒன்றிரண்டு பேர் செத்தே போய்விட்டார்கள். அப்போதும் அவர் அந்தத் துணியை வெட்டவில்லை, யாருக்கும் தூக்கிக் கொடுக்கவுமில்லை. தலைக்கனம் பிடித்த ஆள் என்று பேசிக்கொண்டார்கள். அவர் பாட்டுக்கு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு வசுமதியின் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு நம்பரை மாத்துனா மொத்தப் படமும் தானா மாறிக்கும்னு சொல்றாங்களே, நெசமுங்களா?"

"நெசந்தானுங்க மாஸ்டர்."

"எதுத்தாப்புல ஆளு இல்லாட்டியும் வரையலாமுங்களா?"

வசுமதி நிமிர்ந்து பார்த்தாள். "கம்ப்யூட்டருக்கு ஆளைத் தெரியாதுங்க. நீங்க குடுக்கற அளவுதான் தெரியும்."

"அதுக்கு எவ்வளவு கட்டோணும்?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. இந்த சாஃப்ட்வேரை எழுதுனவங்க, அதை எல்லாருக்கும் பொதுவா விட்டுட்டாங்க. யாரு வேணாலும் எடுத்துக்கலாம். பிடிக்கலைன்னா திருத்திக்கவும் செய்யலாம்."

சும்மா கிடைப்பதில் ஏதாவது வில்லங்கம் இருக்கும் என்று நினைக்கிற மனிதர்தான் அவர். ஆனாலும் அன்று மறுபேச்சுப் பேசவில்லை. "அப்படீன்னா என்னையும் சேத்துக்கங்க" என்றார்.

கத்திரி பிடித்த கைக்கு மவுஸ் பிடிபடவில்லை. அம்பு திரையின் ஒரு மூலைக்கு ஓடும், அவர் அதை விரட்டிக்கொண்டு போவார். பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு எதிலும் காட்டாத பொறுமையை இதில் காட்டினார். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

முதல் பாடமாக வசுமதி அவருக்குச் சொன்னது இதுதான். அளவு ஒரு கோப்பில் இருக்கும், படம் வேறொரு கோப்பில் இருக்கும். படத்துக்குள் நம்பர் எழுதக்கூடாது.

"மார்புச் சுத்தளவுல கால்வாசின்னு பேரைச் சொல்லி எழுதுங்க மாஸ்டர். எட்டுன்னு எழுதாதீங்க."

"கணக்குப் போட்டா எட்டுதானுங்களே வருது?"

"இன்னிக்கு எட்டுங்க."

அவருக்கு அது பிடித்துப்போனது. அன்றைக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் ஜாக்கெட்டும் சுடிதாரும் வரையக் கற்றுக்கொண்டார்கள். மாரப்பன் ஒரே ஒரு உருப்படியைத்தான் வரைந்தார். வெள்ளைக் காலர் வைத்த சிறுமியின் கவுன். வயதுவாரியாக சராசரி அளவு போட்ட பட்டியல் ஒன்றை வசுமதியிடம் வாங்கிக்கொண்டார். ஒன்பது வயது அளவைக் கொடுத்தார், கவுன் வந்தது. அதைத் தாள் தாளாக அச்செடுத்து ஒட்டினார். முதல் தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் அச்சாகும். அதை டேப் வைத்து அளந்து பார்த்து, சரியாக இருந்தால்தான் மற்ற தாள்களை நம்பிக் கத்திரியை எடுக்கலாம். மாரப்பன் அளந்தார். சரியாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்து தைத்து முடித்து, பத்து வயது அளவைக் கொடுத்தார். பிறகு பதினொன்று. கோப்புகளுக்கு அவர் வைத்த பெயர்கள் கனி 9, கனி 10, கனி 11 என்று வளர்ந்துகொண்டே போயின.

கனி 12 வந்த அன்று வசுமதி கேட்டாள்.

"யாருக்குங்க மாஸ்டர்?"

"என்ற புள்ளைக்குங்க. கனிஷ்கா."

"ஒருநாள் கூட்டிட்டு வாங்க. அளவெடுத்தே போட்டுக்கலாம்."

மாரப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் வசுமதியைப் பார்த்து, கேட்க வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஊருக்குத் தெரிந்தது, வெளியூரிலிருந்து வந்த டீச்சருக்குத் தெரியாமல் போயிருந்தது.

வகுப்பு கலைந்த பிறகு அவரே சொன்னார். தீ மிதிக்கிற குண்டம் திருவிழாக் கூட்டத்தில் கனியின் கை நழுவிவிட்டது. அப்போது அவளுக்கு ஏழு வயது. ஒலிபெருக்கியில் சொன்னார்கள், போலீசில் எழுதினார்கள், காட்டோரமெல்லாம் தேடினார்கள். மேட்டுப்பாளையத்தில் பார்த்தேன், மைசூரில் பார்த்தேன் என்று சொன்னவர்கள் பின்னாலெல்லாம் அவரும் மனைவி ருக்குமணியும் அலைந்தார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அழுது முடித்திருப்பார்கள்.

"நீலக் கவுன் போட்டிருந்தான்னு நோட்டீஸ்ல போட்டாங்க. நான் தெச்சதுங்க அது. பொம்பளைத் துணி தெக்காத கை இது. அவளுக்கு மட்டும் தெப்பேன்."

வசுமதி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வளர்ற புள்ளைங்களா, அதனால ரெண்டு பக்கமும் உள்ளுக்குள்ள துணி விட்டிருந்தேன். கீழயும் மடிச்சு விட்டிருந்தேன். பிரிச்சு விட்டா ரெண்டு வருசம் தாங்கும். நோட்டீஸ்ல அதைப் போடலீங்க." மேசை விளிம்பை விரலால் தடவினார். "அவகிட்டயும் நான் சொல்லலை. உள்ள துணி இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. யாராச்சும் பாத்துப் பிரிச்சு விட்டிருப்பாங்களா டீச்சர்?"

"துணி தெரிஞ்சவங்க கைல இருந்தா பாத்திருப்பாங்க."

"தெரியாதவங்க கைல இருந்தா?"

மண்டபத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அதுதானுங்க, ஒம்பது வயசுல இருந்து ஆரம்பிச்சேன்" என்றார் மாரப்பன். "இத்தனை வருசமா அவளுக்குன்னு எனக்கு வெட்ட வரலீங்க. சாக்பீஸைக் கைல எடுத்தா ஆளு எங்கன்னு கேக்குது மனசு. உங்க கம்ப்யூட்டரு கேக்கலை பாருங்க."

அவர் சந்தோஷமாகச் சொன்னதாகத்தான் வசுமதிக்கு முதலில் பட்டது. வீட்டுக்குப் போன பிறகு அது அவளைச் சாப்பிடவிடவில்லை. பட்டியலை எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

வீட்டில் நடந்ததை வசுமதி அறியமாட்டாள். பத்து வயதுக் கவுனை மாரப்பன் அடுத்த வீட்டுப் பெண் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தார். பொருந்துகிறதா என்று பார்க்கத்தான். கவுன் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. குழந்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டியது. "கழட்டு" என்று அவர் போட்ட அதட்டலில் அது பயந்து அழுதுவிட்டது. ருக்குமணி போய் அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டு வந்தாள். பொருந்தாமல் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஊரில் எந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற ஒன்றைத்தான் அவர் தைத்து வைத்திருந்தார். அது அவருக்கு அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்தும் பதின்மூன்றைத் தைத்தார், பதினான்கைத் தைத்தார். பீரோவில் கவுன்கள் படிக்கட்டு போல வரிசையாகத் தொங்கின. ருக்குமணி தன் புடவைகளை எடுத்து ஒரு டிரங்குப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டாள். பீரோவைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

பதினைந்தாவது வயது வந்தபோது கவுன் உதவாது என்று ஆனது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தாவணி போட்டிருப்பார்கள். பெரியவளானதற்குச் சீர் செய்து, பட்டுப் பாவாடை உடுத்தி உட்கார வைத்திருப்பார்கள். மாரப்பன் தயங்கித் தயங்கி மனைவியிடம் அவளுடைய கல்யாணப் பட்டைக் கேட்டார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்டது. பெண்ணுக்கென்று அவள் எடுத்து வைத்திருந்ததுதான்.

ருக்குமணி சண்டை பிடிக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து புடவையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஏனுங்க, எனக்கு அவளை ஏழு வயசுலதாந் தெரியும். நீங்க ஒவ்வொரு கவுனா மாட்டி மாட்டி அவளைப் பெரிசு பண்ணிட்டீங்க. இப்ப கண்ணை மூடுனா எனக்கு அந்த ஏழு வயசு மூஞ்சிகூட வர மாட்டேங்குது."

மாரப்பன் புடவையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டறதுன்னா வெட்டுங்க. ஒருக்காத்தான் வெட்ட முடியும், அத்தனைதான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மாரப்பன் மஞ்சப்பையில் பட்டுப்புடவையோடு வகுப்புக்கு வந்தார். அன்று மண்டபத்தில் ஒரு சீர் நடந்துகொண்டிருந்தது. மேளச் சத்தம் பின்கட்டு வரை வந்தது. பெண்கள் யாரும் வரவில்லை. அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, பதினான்கு வயது அளவையே இப்போதைக்கு வைத்துக்கொண்டு, தாவணிக்கான ஜாக்கெட்டை வரையத் தொடங்கினார். வரைவது வந்துவிட்டது. அளவுதான் வரவில்லை. மார்புச் சுற்றளவுக்கு ஒரு நம்பரைப் போட்டார், அழித்தார். வேறொன்றைப் போட்டார். அதையும் அழித்துப் பழையதையே போட்டார். பெற்ற தகப்பன் யோசிக்கக் கூச்சப்படுகிற அளவுகள் அவை. ஆனாலும் அவரைப் பிடித்து நிறுத்தியது கூச்சம் இல்லை.

வசுமதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"பதினஞ்சு வயசுக்கு என்ன அளவு போடறதுங்க டீச்சர்?"

"யாருக்குங்க?"

"கனிக்குத்தான்."

"தெரியாதுங்க."

"பட்டியல் இருக்குதுங்களே. கவுனுக்கெல்லாம் அதைத்தான போட்டம்."

"அந்தப் பட்டியல்ல இருக்கற புள்ளையை யாரும் பெக்கலீங்க மாஸ்டர். கவுனுக்கு அதைக் குடுத்தது என்னோட தப்பு."

மாரப்பன் கேட்பதாக இல்லை. "ருக்குமணி பக்கத்துல எல்லாரும் ஒசரமுங்க. நான் கட்டை. ஏழு வயசுல அவ என்ற இடுப்புக்கு மேல இருந்தா. அதை வெச்சுக் கணக்குப் போட்டா..." விரல் விட்டு எண்ணத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். "நல்லாச் சாப்பிட்டிருந்தாத்தான் அந்த ஒசரம் வரும்."

வசுமதி மேசையோரம் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"சாப்பாடு போட்டிருப்பாங்களா டீச்சர்? போட்டிருந்தா இடுப்பு இருபத்தாறு வரும். போடலைன்னா..." அவர் விரல் கீபோர்டின் மேலேயே நின்றது. "இருபத்திரண்டுன்னு நானே எப்படீங்க போடறது? என்ற கையால, அவ பட்டினி கெடந்தான்னு போடறதுங்களா? இருபத்தாறுன்னு போட்டா, எங்கயோ நல்லா இருக்கான்னு நானே சொல்லிக்கற மாதிரி ஆவுது. பாக்காமக் கொள்ளாம."

வெள்ளைக் கட்டத்துக்குள் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. எட்டு வருடமாகத் தேடியும் தெரியாத ஒன்றை ஒரு நம்பரில் சொல் என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. மாரப்பனுக்கு அழுகை வரவில்லை. அது எப்போதோ வற்றிவிட்டது.

"எந்திரிங்க மாஸ்டர். கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள் வசுமதி.

அவர் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். அவர் வரைந்த படத்தைக் கோடு கோடாகச் சரிபார்த்தாள். கழுத்து இறக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் அவர் மறதியாக நம்பர் எழுதியிருந்தார்.

"இங்க என்னங்க வரோணும்?"

"கழுத்துச் சுத்தளவுல ஆறுல ஒண்ணு."

அதை எடுத்துவிட்டுப் பேரை எழுதினாள். அதன் பிறகு படத்தில் ஒரு நம்பர்கூட இல்லை. தோளும் கையும் கழுத்தும் இடுப்பும் பெயர்களாகவே இருந்தன.

அடுத்து அளவுக் கோப்பைத் திறந்தாள். அவர் போட்டு வைத்திருந்த உயரத்தை அழித்துப் பூஜ்யம் ஆக்கினாள். பிறகு தோள். பிறகு மார்பு.

"டீச்சர்" என்றார் மாரப்பன்.

அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அளவு போகும்போதும் திரையில் ஜாக்கெட் சுருங்கியது. கை உள்ளே இழுத்துக்கொண்டது. கழுத்து வளைவு சிறுத்து மறைந்தது. முன்பாகமும் பின்பாகமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இடுப்பையும் அழித்ததும் எல்லாக் கோடுகளும் ஓரிடத்தில் போய் ஒடுங்கின. வெள்ளைத் திரையின் நடுவில் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சியது.

மாரப்பன் எழுந்து நின்றுவிட்டார். "போச்சுங்களே. எல்லாம் போச்சுங்களே."

"ஒண்ணும் போகலீங்க."

"கண்ணுல காணமுங்களே."

வசுமதி ஓரத்தில் இருந்த வரிசையைத் திறந்து காட்டினாள். அவர் போட்ட கோடுகள் எல்லாம் பெயரோடு ஒன்றுவிடாமல் அங்கே இருந்தன. தோளிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து மார்புக்கு, அக்குளிலிருந்து இடுப்புக்கு. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். படித்துவிட்டு மறுபடி புள்ளியைப் பார்த்தார்.

"கோப்புக்கு என்ன பேரு வெக்கட்டுங்க?"

"கனி பதினஞ்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "கனி" என்றார். "கனின்னு மட்டும் போடுங்க."

அப்படியே போட்டாள். மண்டபத்தில் குலவைச் சத்தம் எழுந்து அடங்கியது. மாரப்பன் மஞ்சப்பையிலிருந்து பட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். அந்தப் பழைய அறையில் மஞ்சள் நிறம் கண்ணைப் பறித்தது. கத்திரி பிடித்த கையால் அதை ஒருமுறை நீவிவிட்டார்.

"வருவாளாங்க டீச்சர்?"

"எனக்குத் தெரியாதுங்க."

"ஊருல எல்லாரும் வருவா வருவாங்கறாங்க. இல்லாட்டி மறந்துடுங்கறாங்க. நீங்க தெரியாதுங்கறீங்க."

"தெரியாதுங்க மாஸ்டர்."

அவர் தலையசைத்தார். பிறகு, துணி கொடுக்க வந்தவர் தையல்காரரிடம் கேட்பது போல, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்ப இதை எப்பங்க வெட்டறது?"

வசுமதி எழுந்து பட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அவரிடம் கொடுத்தாள். இருவரும் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்கள். அவள் அதைப் பைக்குள் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஆளு வரட்டும், மாஸ்டர்."